மடித்து ஒட்டிய மனு

“ஒன்று. திங்கட்கிழமை, கடைவாய்ப்பல் வலி தாங்க முடியவில்லை, பல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொன்னேன். இந்த வாரம் வேலை நெருக்கடி, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

“இரண்டு. செவ்வாய்க்கிழமை அந்த வலியோடு பதினெட்டு மணி நேரம் வேலை செய்தேன்.

“மூன்று. புதன்கிழமை கன்னம் வீங்கிவிட்டது. என்னைப் பார்த்துவிட்டு, ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று அதட்டினார்.”

நாகப்பன் படிப்பதை நிறுத்தினார். எங்கே நிறுத்தினால் கூட்டம் கொதிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஒரகடம் கூட்டுரோட்டில், டீக்கடைக்குப் பின்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். முன்வரிசையில் கமிட்டி ஆட்கள் எட்டுப் பேர். அவர்களுக்குப் பின்னால், ராஜாமணியோடு கம்பெனி லைனில் வேலை செய்யும் பெண்கள். கடைசியில் மனு எழுதிய ராஜாமணி, முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டு.

நாற்பது பேர். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

சங்கம் வைத்தார் என்று கம்பெனி அவரை வெளியே அனுப்பி ஆறு வருஷம். முதல் வருஷம் அவர் பேச ஏறினால் ரோடே அடைத்துக்கொள்ளும். அப்புறம் நூறு பேர், அப்புறம் முப்பது. போன மாதம் ஏழு பேர். அவர்களிலும் இரண்டு பேர் ஷேர் ஆட்டோவுக்காக நின்றவர்கள். பழைய கைதட்டல் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பக் கேட்காதா என்று ஏங்கிப் போயிருந்தார்.

வழி காட்டியது ராஜாமணியின் லைன்தான். சூப்பர்வைசர் சிவசங்கரைப் பற்றி ஒரு மனு கிடைத்தால் அவள் வேலை செய்யும் கம்பெனியிலும் சங்கக் கொடி ஏற்றிவிடலாம். நேற்று சாயங்காலம், பிள்ளைகளின் யூனிஃபார்மைத் துவைத்துக்கொண்டிருந்தவள் முன்னால் பேப்பரையும் பேனாவையும் வைத்தார். இந்த வாரம் நடந்த கொடுமையை நாள்வாரியாக எழுது என்றார்.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

“யாரா இருந்தாலும் எழுதலாமா?”

“யாரா இருந்தா இன்னா? பேர் போடாத மனு, பல்லில்லாத பாம்பு. கடைசி வரியில பேரைப் போடு.”

“எழுதினா, அப்படியே படிப்பீங்களா?”

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு எழுத்தை மாற்றியிருப்பாரா? மனுவைச் சங்கமே எழுதிக்கொள்கிறது என்று ஒரு காலத்தில் கம்பெனிக்காரன் சொன்னான். அன்றைக்கு வைத்த சட்டம் இது: எழுதியவர் மடித்து ஒட்டிக் கொடுக்க வேண்டும். சாட்சிகள் முன்னால்தான் பிரிக்க வேண்டும். எழுதியிருப்பதை எழுதியபடி படிக்க வேண்டும். படித்த பிறகு சாட்சிகள் கையெழுத்து.

ராஜாமணி அடுப்படியில் நின்றே எழுதினாள். சோற்றுப் பருக்கையால் ஒட்டிக் கொடுத்தாள்.

“பதினெட்டு மணி நேரமா?” என்று கூட்டத்தில் லைன் பெண்களோடு நின்ற ரஞ்சனி பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். “நம்ம லைன்ல எட்டு மணி நேரம்தானேக்கா?”

“நடுவுல பேசாதீங்கம்மா,” என்றார் நாகப்பன். “பாதிக்கப்பட்டவங்க குரல் இது. முழுசா கேளுங்க.”

அவர் தொடர்ந்தார்.

“நான்கு. வியாழக்கிழமை எட்டுப் பேருக்கு டீ போடச் சொன்னார். வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு போட்டுக் கொடுத்தேன். இன்னொரு ரவுண்டு கேட்டார்கள். அதையும் போட்டேன்.”

முன்வரிசையில் எல்லப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. “வலியோட நிக்கிற பொம்பளைகிட்ட டீயா கேக்கறானுங்க? மனுசங்களா அவனுங்க?”

மற்ற கமிட்டி ஆட்கள் ஏழு பேரும் ஆமாம் என்றார்கள். பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. நாகப்பனின் குரல் ஏறியது.

“ஐந்து. வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கி வைத்திருந்தேன், தண்டலம் போய்ப் பல்லைக் காட்டிவிட்டு வரலாம் என்று. அந்த ஒரு மணி நேரத்துக்கும் ஒரு கட்டு நோட்டீஸைக் கொடுத்து மடிக்கச் சொன்னார்.”

நோட்டீஸ் என்ற சொல்லில் அவர் நாக்கு லேசாக இடறியது. சிவசங்கருக்கு என்ன நோட்டீஸ்? சேஃப்டி நோட்டீஸாக இருக்கும். கூட்டம் காத்திருந்தது. அடுத்ததற்குப் போனார்.

“ஆறு. சனிக்கிழமை. வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். மாத்திரைகூட வேண்டாம். தினமும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று. ஆறு நாளும் கேட்கவில்லை.”

லைன் பெண்களில் காந்திமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படி ஓர் அமைதியை நாகப்பன் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கைதட்டலைவிடப் பெரிய அமைதி.

கடைசி மடிப்பைப் பிரித்தார். ஒரே ஒரு வரி. படிக்க வாயெடுத்தவர் நின்றுவிட்டார்.

“பேரைப் படிங்க தோழர்,” என்றான் எல்லப்பன். “கையெழுத்துப் போடத்தானே நிக்கறோம்.”

நாகப்பன் அந்த வரியை மனசுக்குள் மறுபடி படித்தார்.

“தெரியாத பேரா?” பின்னாலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தார். “சிவசங்கர்தானே?”

தலையை ஆட்டினால் போதும். பேப்பர் அவர் கையில் இருந்தது. நாற்பது பேரும் நம்பத் தயாராக நின்றார்கள். ஏறுவதற்குக் கொடி காத்திருந்தது.

நிமிர்ந்து பார்த்தார். கடைசி வரிசையில் ராஜாமணி முந்தானையை எடுத்திருந்தாள். கன்னம் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தார். அவள் கண் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் நிற்பவளுக்கும் கேட்கும்படி, எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தார்:

“இத்தனையும் செய்தவர், என் வீட்டுக்காரர் நாகப்பன்.”