மாதிரித் தோட்டம்

அந்த வெள்ளை வேன் வண்டியில் வந்த ஆபீஸர்மார் மூன்று பேரா, நான்கு பேரா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. இரத்தோட்டையில் அன்று வெயில் கொளுத்தியது மட்டும் உண்மை.

ஹாஷிமின் தோட்டத்தை மாதிரித் தோட்டமாக எடுக்கப்போவதாக ஒரு நிறுவனத்திலிருந்து போன் வந்திருந்தது. எடுத்தால் தண்ணீர்த் தாங்கியும் மோட்டரும் இனாம். ஓடையிலிருந்து தண்ணீர் சுமக்கும் அவன் மனைவி கைறுன்னிஸாவுக்கு அது போதும்.

"ஆபீஸர்மார் வார நேரம் தோட்டம் காடு மாதிரி ஈந்தா மதிப்பாங்களா?" என்றான் ஹாஷிம்.

"மிளகாவது ஈக்கட்டுமே."

"பைப்பால தண்ணி வந்தா மறுகா மிளகு வளராதா புள்ள?"

கத்தியைத் தீட்டிக் கொடுத்தவள் அவள்தான்.

மிளகுக் கொடிகள் மரத்தோடு போயின. சாதிக்காயும் கோப்பியும் பலாவும் போயின. சருகைக் கூட்டி எரித்தார்கள். வரப்புக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குப் போகும் குரோட்டன் சாடிகள் வந்து இறங்கின.

வேனிலிருந்து இறங்கிய அதிகாரி தயாளினி வேலிக்கு வெளியிலேயே நின்றாள்.

"ஹாஷிம் நானாட தோட்டம் இதுதானோ?"

"இதேதான் மிஸ். துப்புரவாக்கி வச்சீக்கிறோம்."

மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அதே பதில்.

நிகழ்ச்சி நிரலில் அறிமுக உரை இருந்தது. ஆகவே உரை நடந்தது. பேர்மாகல்ச்சர் என்றால், காடு தன்னைத் தானே பார்த்துக்கொள்வதுபோலத் தோட்டத்தை அமைப்பது. முதலில் எதையும் தொடாமல் பார்க்க வேண்டும். சருகு குப்பையல்ல, நாளைய மண். பெரிய மரத்தின் கீழ் சின்ன மரம், அதன் கீழ் செடி, அடியில் இஞ்சி.

தயாளினி குடையைப் பிடித்தபடி சொன்னாள். எல்லோரும் வியர்வையைத் துடைத்துத் தலையாட்டினார்கள்.

கொண்டுவந்த விளம்பரப் பெனரைக் கட்ட மரம் தேடினார்கள். கடைசியில் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து நின்றார்கள்.

அதில் பெரிய வண்ணப்படம். பலா, சாதிக்காய், மிளகு, கோப்பி. போன வருடம் யாரோ றோட்டில் நின்று எடுத்தது.

"என்ன வடிவு! யாருட தோட்டமோ, குடுத்து வச்சவன்," என்று ஹாஷிம் கைறுன்னிஸாவின் காதில் சொன்னான்.

அவள் படத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். படத்தின் ஓரத்தில், துணிக்கொடியில் ஆண்கள் உடுத்தும் சாரம் ஒன்று காய்ந்தது. அதன் கிழிசலில் சிவப்புத் துணியை ஒட்டுப்போட்டவள் அவள்தான்.

தண்ணீர்த் தாங்கி யட்டவத்தையில் வேறொருவர் தோட்டத்துக்குப் போனது. தயாளினிக்கு இடமாற்றம் வந்தது. ஹாஷிம் பேர்மாகல்ச்சர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கி, அந்தப் படத்தைக் காட்டி ஊரூராக வகுப்பு எடுக்கிறான். கைறுன்னிஸா நிழலில்லாத வழியில் ஓடைக்குப் போய்வருகிறாள்.

படத்தில் இருப்பது யாருடைய தோட்டம் என்று அவள் இன்னும் அவனிடம் சொல்லவில்லை.