பாதி வெங்காயம்

"பெத்தவ கட்டையாக் கிடக்கா. ஒரு சொட்டுக் கண்ணீர் வந்துச்சா பாரு அவனுக்கு!"

சித்தி மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் சித்தியின் மெதுவு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் வரைக்கும் கேட்கும்.

மூத்த மகனான பெரியவருக்கும் கேட்டது.

பழைய இரும்புக் கடை வைத்து, அடிபட்டு மிதிபட்டு மேலே வந்த மனுஷர். தராசில் ஏற்றாமலே எடை சொல்லிவிடுவார். ஆளையும் அப்படித்தான், பார்த்த பார்வையில் எடை போட்டு ஓரமாக வைத்துவிடுவார். தகவல் கிடைத்ததும் அலறிக்கொண்டு ஓடி வந்தவருக்கு, அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுது அழுது கண்ணே வீங்கிப்போயிருந்தது.

தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறான். நாற்காலி போதவில்லை என்று வாடகைக் கடைக்குப் போன் போடுகிறான். விருந்துக்குக் காண்ட்ராக்ட் எடுத்தவன் மாதிரி அப்படி ஒரு நிதானம். முகமோ, துடைத்துவைத்த சிலேட்டு.

"டேய், இங்க வா."

வந்தான்.

"அம்மா உனக்கு என்னடா குறை வச்சா? கடைசி வரைக்கும் உன்கூடத்தானே இருந்தா? உன் துணிய மடிச்சு வச்சா, உன் பிள்ளைய வளத்தா..."

"ஆமாண்ணே."

"அப்புறம் ஏண்டா கல்லு மாதிரி நிக்கிற?"

"அழுகை வரலண்ணே."

"கேட்டுக்குங்க எல்லாரும்! தொரைக்கு அழுகை வரலியாம்!"

சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். வாசலில் இருந்தவர்கள் செருப்பைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்கள்.

"இதோ பாரு. இப்ப வண்டி வந்துரும். அவளுக்காக ஒரு சொட்டு விடாதவன் அவளைத் தூக்கக் கூடாது. நாங்க பாத்துக்குறோம். நீ இங்கயே நாற்காலிய அடுக்கிக்கிட்டு இரு."

தம்பி கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தான். உள்ளே போய்விட்டான்.

வண்டி வந்தது. தம்பியைக் காணோம்.

"ஒரு வார்த்தை சொன்னதுக்கு ஒளிஞ்சிக்கிட்டானா?" என்று கறுவிக்கொண்டே பெரியவர் தேடிப் போனார். சமையலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினார்.

தம்பி மேடையோரம் குனிந்து நின்றிருந்தான். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. கையில் பாதி வெங்காயம்.

பெரியவருக்குச் சுர்ரென்று தலைக்கு ஏறியது.

"அடப்பாவி! அம்மா சாவுல நாடகமாடா போடுற?"

சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். கையையும் ஓங்கிவிட்டார்.

"மாமா, வேணாம் மாமா!" தம்பி மனைவி ஓடிவந்து குறுக்கே விழுந்தாள். "அடிக்காதீங்க. அவருக்கு அழுகை வராது. நெனச்சாலும் வராது."

"என்னம்மா புதுக்கதை?"

"அவர் சாப்பிடுற மாத்திரை அப்படி."

"எந்த மாத்திரை? இவனுக்கு என்ன நோவு?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் சொல்லு என்பதுபோல் தலையசைத்தான்.

"நாலு வருஷம் முன்னாடி, அச்சகத்துல வேலை போச்சே, அப்ப மனசு ஒடஞ்சு, ஒரு நாள் உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டாரு மாமா. அத்தைதான் அந்த வயசுலயும் கதவை இடிச்சுத் தொறந்து காப்பாத்துனாங்க."

பெரியவரின் பிடி தளர்ந்தது.

"அன்னிலேருந்து டாக்டர் குடுத்த மாத்திரைலதான் ஓடுது. தூங்குறாரு, வேலைக்குப் போறாரு, பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தராரு. ஆனா வாய் எப்பவும் காஞ்சே கிடக்கு. சிரிப்பு பாதிதான் வருது. அழுகை சுத்தமா நின்னுபோச்சு. சிலருக்கு இப்படி ஆகும்னு டாக்டரும் சொன்னாரு. போன வருஷம் அளவைக் குறைச்சுப் பாத்தாரு. இவரு மறுபடி கதவைச் சாத்த ஆரம்பிச்சுட்டாரு."

"எங்கிட்ட ஏன் யாரும் ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நீங்க சத்தம் போடுவீங்கன்னு அத்தை வேணாம்னுட்டாங்க."

தம்பி வெங்காயத்தை மேடையில் வைத்தான்.

"ஊருக்குக் காட்டுறதுக்கு இல்லண்ணே. ஒரு சொட்டு வந்தாத்தான் தூக்க விடுவேன்னு நீ சொன்னியே... அதான்."

பெரியவர் சட்டையை விட்டார். அவன் மணிக்கட்டைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

"வந்துட்டாரா தொரை?" என்றாள் சித்தி. "கண்ணெல்லாம் கலங்கியிருக்கு! இப்பத்தான் பெத்தவ ஞாபகம் வந்துச்சாக்கும்."

"சித்தி, வாய மூடு!"

போட்ட சத்தத்தில் வண்டிக்காரனே ஓர் அடி பின்னால் போனான்.

"டேய், தலைமாட்டுல நீ பிடி."

வண்டிக்குள் அம்மாவோடு அண்ணனும் தம்பியும் மட்டும்தான். வண்டி நகர்ந்ததும் பெரியவர் மறுபடி குலுங்கிக் குலுங்கி அழுதார். தம்பி வறண்ட கண்ணோடு, அம்மாவின் மேல் கிடந்த துணி பறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

பெரியவருக்கு மனசு ஆறவில்லை.

"இருந்தாலும்டா... அம்மா பொழைக்க மாட்டான்னு தெரிஞ்சப்பவே அந்த மாத்திரைய நிறுத்தியிருக்கக் கூடாதா? பெத்தவளுக்காக, இந்த ஒரு தடவை?"

"நிறுத்தலாம்னுதான் இருந்தேண்ணே. ஆஸ்பத்திரில அம்மாகிட்டயே அதைச் சொன்னேன்."

"என்ன சொன்னா?"

தம்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

"ஊசி குத்தியிருந்த கையால அட்டையிலேருந்து மாத்திரைய அவளே பிதுக்கி, என் வாயில போட்டுட்டுச் சொன்னாண்ணே. 'எனக்காக அழுறதுக்குப் பெரியவன் இருக்கான்டா. நீ உசுரோட இருந்தாப் போதும்'னு."