கூட வந்த பெண்

சாரங்கபாணிக்கு 1936-இல் திருச்சிக்கு மாற்றலாயிற்று. அவரோ மனைவி கோதைநாயகியோ அதற்குமுன் அந்த ஊரைப் பார்த்ததில்லை. குழந்தை குட்டி இல்லாததால் ஞாயிறுதோறும் ஒரு பேட்டையாகச் சுற்றிப் பார்த்தார்கள்.

தெப்பக்குளத்தருகே காபி கிளப்பில் பரிமாறியவர், "கைக்குழந்தையை ஆத்துல விட்டுட்டு வந்துட்டேளா, மாமி?" என்றார். யாரையோ நினைத்துக் கேட்கிறார் என்று இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் கண்டோன்மெண்ட் பூங்காவில் முறுக்கு விற்ற வீராயி, கோதைநாயகியைப் பார்த்ததும், "பாப்பா வரலீங்களா? போன தடவை ஊஞ்சலை விட்டு இறங்கவே மாட்டேன்னுச்சே" என்றாள்.

சாரங்கபாணி முறுக்கு வாங்காமலே மனைவியை அழைத்துக்கொண்டு வெளியே வந்தார். இனி எங்கும் போக வேண்டாம் என்றார்.

"ஏன்னா, எவ்வளவு வளர்ந்திருக்கான்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?" என்றாள் கோதைநாயகி.

அடுத்து அவர்கள் போன உறையூர் ஓட்டலுக்கு முன்பு அந்தப் பெண் தாவணி போட்டுக்கொண்டு வந்திருந்தாளாம்.

பிறகு ஸ்ரீரங்கம் போனார்கள். சித்திரை வீதியில் ஓட்டல்காரர் எழுந்து வந்து, "இப்பத்தான் உங்க பொண்ணும் மாப்பிள்ளையும் டிபன் சாப்பிட்டுட்டுப் போனா" என்றார்.

அதுவரை யாரிடமும் எதையும் விசாரிக்காத சாரங்கபாணி, "சௌக்கியமா இருக்காளா?" என்று கேட்டார்.

"பேஷா இருக்கா. முழுகாம இருக்கா போலிருக்கு. மாங்கா ஊறுகாயைக் கேட்டுக் கேட்டு வாங்கிண்டா."

அவள் சாப்பிட்ட இலை இன்னும் மேஜையில் கிடந்தது. அதை எடுக்க வந்தவரைக் கோதைநாயகி தடுத்தாள்.

"இருக்கட்டும், நானே எடுக்கறேன்" என்று புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.