கேள்வி சரியில்லை

மனித குலம் முழுமைக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், கெட்ட காலம் என்று ஒன்று கிடையவே கிடையாது. கெட்ட கேள்விகள்தான் உண்டு. இந்த மாபெரும் உண்மை, ஊதாச் சுவரில், சட்டம் போட்ட பலகையில், தங்க எழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

பலகைக்கு நேர் கீழே, அதை அருளியவர் உட்கார்ந்திருந்தார். 'டாரட் ஆலோசகர் மற்றும் கேள்விச் சீரமைப்பு நிபுணர்' என்று அவருடைய விசிட்டிங் கார்டு சொல்லும். படச் சீட்டுகளைப் போட்டுக் குறி சொல்வதால், தெருவில் எல்லோரும் சீட்டு சார் என்பார்கள்.

அன்று பதினோரு மணிக்குக் கண் சிவந்த ஒரு பெண் வந்தாள். அந்த அறையின் கதவு மழையில் உப்பிப்போனது. புதிதாக வருகிறவர்களை இரண்டு நிமிடம் மல்லுக்கட்ட வைத்துவிட்டுத்தான் உள்ளே விடும். அவள் கைப்பிடியை லேசாகத் தூக்கி, கீழே காலால் ஒரு தட்டுத் தட்டினாள். திறந்துகொண்டது. நிபுணர் இதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்.

"சார், நான் எதுக்கு வந்தேன்னா..."

"கதை வேண்டாம்மா. கேள்வி மட்டும்."

வந்தவர்களைப் பேச விட்டால் அவர்களே பேசிக்கொண்டிருப்பார்கள்; பேசுவது தன்னுடைய தொழில் என்பது அவர் கொள்கை. அவள் கொஞ்ச நேரம் தன் நகங்களைப் பார்த்தாள். பிறகு ஏதோ முடிவுக்கு வந்தவள்போல நிமிர்ந்தாள்.

"எங்க வீட்ல ஒருத்தர் இருக்கார் சார். அவர் எப்போ வெளிய போவார்?"

"கேள்வி சரியில்ல," என்றார் நிபுணர், கண்ணை மூடி, ருசித்து.

'எப்போ' என்பது காலண்டரிடம் கேட்க வேண்டியது என்று விளக்கினார். 'போவாரா' என்றாலும் தப்பு. ஆமாம், இல்லை என்று இரண்டே பதில் வரும். அதற்கு ஒரு நாணயத்தைச் சுண்டிவிட்டால் போதுமே, எழுபத்தெட்டு சீட்டு எதற்கு? தவிர, அடுத்தவர் என்ன செய்வார் என்று கேட்பது அடுத்த வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்ப்பதற்குச் சமம். இவ்வளவையும் சொல்லி முடிக்க அவருக்குக் கால் மணி நேரமும் இரண்டு டம்ளர் தண்ணீரும் தேவைப்பட்டன.

அந்த 'ஒருத்தர்' யார் என்பதை இதற்குள் அவர் கண்டுபிடித்துவிட்டார். வீட்டோடு மாப்பிள்ளை. இவள் புருஷன். முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறதே.

எத்தனை வருஷமாக இருக்கிறார் என்று விசாரித்தார். பதினொன்று என்றாள். வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவரை ஒரு வார்த்தை பேச விடமாட்டார் என்றாள். நிபுணர் உச்சுக் கொட்டினார். அப்படிப்பட்ட ஆட்களை அவருக்குக் கட்டோடு பிடிக்காது.

அம்மாவுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்தது. இன்னும் பத்து நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். அந்த மனிதர் போனால்தான் அம்மாவுக்கு ஓர் அறை கிடைக்கும்.

"எங்கப்பாவும் எட்டு வருஷமா அவர்கிட்ட கேட்டுக்கிட்டேதான் சார் இருக்கார், எப்போ போறீங்க, எப்போ போறீங்கன்னு."

"பாத்தீங்களா? உங்கப்பாவுக்குக் கேள்வி கேக்கவே தெரியல. எப்போன்னு கேட்டா எவன் போவான்?"

சரியான கேள்வியை அவரே வடித்துக் கொடுத்தார்: அவர் போவதற்கு நான் என்ன செய்ய வேண்டும்? மூன்று முறை சொல்ல வைத்தார். பிறகு கட்டைக் கலைத்து மூன்று சீட்டுகளை எடுத்து வைத்தார். இடிந்து விழும் கோபுரம். வாளேந்திய ராணி. கடைசியில், எட்டுக் கோப்பைகளை அப்படியே விட்டுவிட்டு, கோலை ஊன்றிக்கொண்டு நடையைக் கட்டும் ஒரு மனிதன்.

நிபுணருக்கு உற்சாகம் பிடிபடவில்லை. இவ்வளவு தெளிவாகச் சீட்டு விழுந்து வருஷக்கணக்காகிறது.

"கெளம்பத் தயாராத்தான் இருக்கான் பாருங்க, திரும்பிக்கூடப் பாக்கல. யாராவது வாயத் தெறந்து சொல்லணும், அவ்வளவுதான். அந்த ராணி யாரு? நீங்கதான்."

"எப்படி சார் சொல்றது?"

"மூஞ்சிக்கு நேரா சொல்லணும். தேதியோட சொல்லணும். அந்தாளு முகத்தப் பாவமா வெச்சுக்குவான், மனசு எரங்கிடக் கூடாது."

"வயசுல பெரியவர் சார். மரியாதையா இருக்காதே."

"அடுத்தவங்க எடத்துல ஒட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கறவனுக்கு என்னம்மா மரியாதை?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கையில் வாள் ஒன்றுதான் இல்லை. நன்றி சார், இப்போதுதான் தைரியம் வந்தது என்றாள்.

நிபுணருக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில் தன் விதியைத் தானே மறந்தார்.

"எப்போ சொல்லப் போறீங்க?"

"இப்பவே சார். நான் மாடியில இருக்கற உங்க ஹவுஸ் ஓனரோட பொண்ணு, வெளியூர்லேர்ந்து நேத்துதான் வந்தேன். வர்ற இருபதாம் தேதிக்குள்ள இந்த ரூமைக் காலி பண்ணிக் குடுத்துடுங்க. அம்மாவால பதினெட்டு படி ஏற முடியாது."

நிபுணர் கோபுரத்தைப் பார்த்தார், ராணியைப் பார்த்தார், கோலூன்றி நடப்பவனைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். அவர் முகம், அவரே முன்கூட்டிச் சொன்னபடி, பாவமாக மாறியது.

"நான் காலி பண்ணித்தான் ஆகணுமாம்மா?"

"கேள்வி சரியில்ல சார்."