மூன்று பேருக்கு மேல் கூடாது

"நாலு பேருக்கு ஒரே ரூம் தர முடியாது சார். விதியில இடமில்லை."

ஓட்டலின் வரவேற்பு மேசைப் பெண் சிரித்த முகமாகத்தான் சொன்னாள். ஆனால் காலையிலிருந்து கார் ஓட்டிக் களைத்து வந்திருந்த கணவருக்குச் சுருக்கென்றது.

"நாலு பேர்னு எப்படிம்மா கணக்குப் போடறீங்க? இதுங்க ரெண்டும் அரை டிக்கெட்டு. பெரியவளுக்கு அஞ்சு வயசு, சின்னவனுக்கு மூணு. ரெண்டையும் சேத்தாக்கூட ஒரு ஆள் தேறாது."

அந்த இரண்டு அரை டிக்கெட்டுகளும் பெட்டி தள்ளும் வண்டியில் ஏறி நின்றுகொண்டு, வேகமாக ஓட்டச் சொல்லிக் காவலாளியை அதிகாரம் செய்துகொண்டிருந்தன. மனைவி சோபாவில் பெட்டிகளுக்கு நடுவே இன்னொரு பெட்டியாக உட்கார்ந்திருந்தாள். ஐந்து வருடமாக ஒரு முழு ராத்திரி தூங்கியறியாத கண்கள். தலையைச் சாய்த்தால் போதும், தூங்கிவிடுவாள். சாய்க்க யார் விட்டார்கள்?

"ரெண்டு கட்டில் இருக்கிற ரூமா குடுங்க, போதும்," என்றார் கணவர். "பெரிய கட்டில்ல அவளும் பிள்ளைங்களும். இன்னொண்ணுல நான். எங்க வீட்லயும் அப்படித்தான். பெரியவ தூக்கத்துல உதைப்பா. சின்னவன் ராத்திரி பத்து தடவை தண்ணி கேப்பான். எனக்குத் தூக்கம் கெட்டா மறுநாள் பூரா தலைவலி."

மனைவிக்கும் தலை உண்டு, அதுவும் வலிக்கும் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. கெட்ட மனுஷர் இல்லை, பாவம். அவள் எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியும் அது அவர் காதில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

"மூணு வயசு ஆயிட்டாலே ஒரு ஆள் கணக்கு சார். ஒரு ரூமுக்கு மூணு பேருக்கு மேல கூடாது. பாதுகாப்பு விதி."

"பாதுகாப்பைப் பத்தி எனக்கே பாடமா? நான் லிஃப்ட் பரிசோதகர்ம்மா."

"அப்ப உங்களுக்குத் தெரியாததா சார்? எட்டு பேர் போற லிஃப்ட்ல ஒன்பதாவதா ஒரு குழந்தை ஏறினா விடுவீங்களா?"

போன மாதம் ஒரு துணிக்கடையில் அப்படி ஏறிய வாண்டு ஒன்றையும் அதன் தாயையும் இறக்கி, படிக்கட்டு வழியாக அனுப்பிவைத்தவர் அவர். தலையை எண்ண வேண்டும், வயதை எண்ணக்கூடாது என்று அந்தத் தாய்க்கு உபதேசம் வேறு செய்திருந்தார்.

"இறக்கி விட்டுருவேன்," என்றார், தன்னையறியாமல். "விதின்னா விதிதான்."

"அதேதான் சார். பெரிய கட்டில் ரூம் ஒண்ணு, ஒத்தைக் கட்டில் ரூம் ஒண்ணு. ரெண்டா எடுத்துக்கங்க."

அவர் முகம் மலர்ந்தது. தனிக் கட்டில், தனி அறை, அதற்கு ஒரு கதவு, உள்ளே தாழ்ப்பாள். செலவு கூடினால் கூடட்டும். ஒரு விதி இவ்வளவு இதமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"சரி, ஒத்தைக் கட்டில் சாவியை இப்படிக் குடுங்க."

"அதுல ஒரு விதி இருக்கு சார். யார் பேர்ல பதிவு பண்ணியிருக்கோ, அவங்க கூடத்தான் சின்னப் பிள்ளைங்க தங்கணும். குடும்பத் தலைவர் பொறுப்பு. உங்க பேர்லதானே பதிவு?"

குடும்பத் தலைவர் என்றதும் நிமிர்ந்த நெஞ்சு, விஷயம் புரிந்ததும் மெல்ல இறங்கியது. அவர் பேரில்தான் இருந்தது. 'உங்க பேர்ல போட்டாத்தான் மரியாதை' என்று மனைவிதான் சொல்லியிருந்தாள்.

"அவ பேருக்கு மாத்திக்கலாமா?"

"வந்து சேர்ந்தப்புறம் மாத்த முடியாது சார். அப்புறம், பிள்ளைங்க ரெண்டு பேரையும் ஒரே பக்கம் போடக் கூடாது. பெரியவங்க நடுவுல படுக்கணும்."

உதைப்பவளுக்கும் தண்ணீர் கேட்பவனுக்கும் நடுவில்.

மனைவி எழுந்து வந்தாள். "என்னங்க, அநியாயமா இருக்கே. வேற ஓட்டல் பாப்போமா?"

"வேண்டாம். விதியை மதிக்கிற இடம்னு பேசறப்பவே தெரியுது," என்றார் அவர், விட்டுக்கொடுக்காமல். "நம்மளே மீறினா ஊர்ல எவன் மதிப்பான்?"

"அதில்ல, உங்க தூக்கம்..."

"என்ன செய்யறது? விதி."

பெரியவள் அவர் முதுகில் தொற்றிக்கொண்டாள். சின்னவன் காலைக் கட்டிக்கொண்டு, "அப்பா, தண்ணி," என்று இப்போதே ஆரம்பித்தான். பெரிய கட்டில் அறையின் சாவியோடு மூவரும் லிஃப்டில் ஏறினார்கள். அந்த நிலையிலும் உள்ளே எத்தனை பேர் என்று அவர் எண்ணிப் பார்த்துக்கொண்டார். கதவு மூடியது.

மனைவி ஒற்றைக் கட்டில் அறையின் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டாள். ஒரு முழு ராத்திரி. யாரும் உதைக்காத, யாரும் எழுப்பாத ஒரு ராத்திரி. கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

மேசைப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்து போன்ல நீங்க சொல்லிக் குடுத்த விதியெல்லாம் ஒண்ணு விடாம சொல்லிட்டேன் அக்கா, அந்த லிஃப்ட் கேள்வியையும் சேத்து. நடுவுல படுக்கற விதி மட்டும் நானா போட்டது. எனக்கும் வீட்ல ரெண்டு வாண்டு இருக்கு, அதோட ஒரு குடும்பத் தலைவரும் இருக்காரு."