நீள்ஓதம்

சன்னலில் கண்ணாடிக்குப் பதில் ஒட்டிய காகிதத்தில் பிற்பகல் வெயில் மங்கலாக நிற்கிறது. பாயில் தெய்சோ கண்மூடிக் கிடக்கிறார். மூச்சு நெஞ்சில் ஏறுகிறது, இறங்க யோசிக்கிறது. வாசல்படியில் அவர் தம்பி தோக்குஜி ரப்பர் பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். துறையில் அவருடைய படகு உறுமிக்கொண்டிருப்பது இங்கே கேட்கிறது. கணவாய் மீன் கூட்டம் வந்திருக்கிறது, நாளை இருக்குமா தெரியாது.

"அண்ணி, நான் போகட்டுமா? டாக்டர் இன்னிக்குத் தாண்டாதுன்னாரே."

சவாயே ஈரத்துணியால் கணவரின் உதட்டை நனைக்கிறாள். சுவரில் மீனவர் சங்கத்து நாட்காட்டி. அதில் ஒவ்வொரு நாளுக்கும் அன்றைய ஓதத்தின், கடல் ஏறி வற்றும் விதத்தின், பெயர். கடல் வற்றும்போதுதான் உயிரும் பிரியும் என்பது இந்த ஊர் நம்பிக்கை.

"டாக்டர் வெளியூர்க்காரரு. இன்னிக்கு நீள்ஓதம். தண்ணியே அசையாம கெடக்கு, உங்கண்ணன் எங்க போவாரு? நாளைக்குத்தான் இளஓதம், தண்ணி மறுபடி அசையும். காலைல பத்தரைக்கு வத்த ஆரம்பிக்கும். அதுக்குள்ள கரைக்கு வந்துடுங்க."

தோக்குஜி எழுகிறார். அவள் நாட்காட்டியில் பத்தரை என்று பென்சிலால் குறிக்கிறாள்.

பாயிலிருந்து, கண் திறக்காமலே, குரல் வருகிறது.

"அது பெரிய துறைமுகத்துக் கணக்கு. நம்ம குடாவுல பத்து நாப்பது."

அவள் அடித்துவிட்டுத் திருத்தி எழுதுகிறாள்.