ஆள் இல்லாத மூன்று மாதம்

கிருபன் வாடகைக் கணக்குக் கொப்பியை மறுபடி முதலிலிருந்து பார்த்தான்.

"வரி, மோட்டர் திருத்தினது, ஓடு மாத்தினது, மலசலகூடக் குழி. எல்லாம் விளங்குது அண்ணை. இது என்ன, கார்த்திகை, மார்கழி, தை எண்டு போட்டு 'ஆள் இல்லை'?"

"இல்லைத்தான்," என்றார் யோகநாதன்.

தண்ணீரூற்றில் அவருக்கு இருந்த சின்ன வீட்டை விற்றுவிட்டு, வவுனியாவில் மகளோடு போய் இருக்கப்போகிறார். கிருபன் அதை வங்கிக் கடனில் வாங்கி வாடகைக்கு விட நினைத்தான். வாடகை மாதம் பத்தாயிரம். செலவு போக மிஞ்சுவதோடு தன் சம்பளத்தையும் சேர்த்தால்தான் தவணை கட்டலாம்.

"ஒரு வருசம் எண்டால் சரி. அஞ்சு வருசமும் அதே மூண்டு மாசமோ?"

"ஓம்."

"பேய் கீய் வந்து இருக்குதோ?"

"இருந்தால் அதிட்டையும் வாடகை வாங்கியிருப்பனே தம்பி."

கிருபனுக்குச் சிரிப்பு வரவில்லை. விலையும் அக்கம்பக்கத்து வீடுகளைவிட மூன்று லட்சம் குறைவு. விற்கிற மனிதர் குறையை மறைப்பார். இவர் எழுதிக் காட்டுகிறார்.

வெளியே வந்து மனைவிக்குப் போன் எடுத்தான்.

"மலிவெண்டால் எங்கையோ ஓட்டை இருக்கு," என்றாள் கஜனி. "வீட்டிலை இருக்கிற ஆக்களிட்டைக் கேளுங்கோ."

அவன் அந்த வீட்டுக்குப் போனபோது, அங்கே வாடகைக்குக் குடியிருந்த சிவனேஸ்வரி முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அதை விற்றுத்தான் இரண்டு பிள்ளைகளையும் பார்க்கிறாள்.

"எவ்வளவு காலமா இஞ்சை இருக்கிறியள் அக்கா?"

"இது ஆறாவது வருசம்."

"மழைக்காலத்திலை எங்கை போறனீங்கள்?"

"எங்கை போறது? பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடமெல்லோ."

"அப்ப போன மார்கழி இந்த வீட்டிலை ஆர் இருந்தது?"

அவள் அவனை ஒருமாதிரிப் பார்த்தாள். "நான்தான்."

"வாடகை குடுத்தனீங்களோ?"

அவள் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள்.

"கடல் அடிக்கேக்கை மீனும் வராது, மழைக்கை காயவும் காயாது. அந்த மாசங்களிலை ஐயா இந்தப் பக்கம் வாறேல்லை." பிறகு கேட்டாள்: "வீடு கைமாறினால் நாங்கள் இதைவிட்டு எழும்ப வேணுமோ தம்பி?"

கிருபன் யோகநாதனிடம் திரும்பி வந்தான்.

"அண்ணை, பொய் எழுதி வைச்சிருக்கிறியள். அவா அங்கைதான் இருக்கிறா."

"நான் அவா இல்லை எண்டு எழுதேல்லை. வாடகை கேக்கப் போக ஆள் இல்லை."

"அது உங்கடை மனசு. எனக்கு வங்கி மூண்டு மாசம் விடாது. இந்தச் செலவை நான் என்னெண்டு தாங்கிறது?"

யோகநாதன் கொப்பியை மூடி அவன் பக்கம் நகர்த்தினார்.

"நீர் தாங்க வேண்டாம் தம்பி. பத்து வருசத்துக்கு அந்த மூண்டு மாச வாடகையைக் கழிச்சுத்தான் விலை சொன்னனான்."